மேடைத் துன்பியல் நாடகங்களில் சதி: படித்து ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

சதியை மையமாகக் கொண்ட துன்பியல் நாடகத்தைப் பற்றி எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் ‘இவன் ஏன் இப்படிச் செய்தான்?’ என்ற கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவில் இயாகோவின் பொறாமை, ஜூலியஸ் சீசரில் காசியஸின் வன்மம், மெக்பெத்தின் பேராசை என்று மூன்று பத்தி எழுதியதும் சரக்கு தீர்ந்துவிடும். நாடகத்தில் நடந்தது எதுவும் அதற்குள் வந்திருக்காது.

வாசிப்பு வட்டங்களில் புதியவர்களோடு உட்கார்ந்து இதைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு நான் பிடித்துக்கொண்ட வரிசை இது. யாருக்கு என்ன தெரியும், எப்போது தெரிந்தது என்பதை முதலில் எழுதிவைக்க வேண்டும். காரணத்தைக் கடைசியில் தேடிக்கொள்ளலாம். சதி என்பதே சிலருக்குத் தெரிந்து சிலருக்குத் தெரியாமல் இருப்பதுதானே? அந்த இடைவெளியை அளக்காமல் மனித மனத்தை அளக்கப் போனால் எல்லா நாடகத்துக்கும் ஒரே கட்டுரைதான் வரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அங்கம், காட்சி, வரி எண்கள் போட்ட ஒரு பதிப்பு வேண்டும். கடைசி வரை அதே பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள். ஹாம்லெட், லியர் அரசன் போன்ற நாடகங்களின் பழைய அச்சுப் பிரதிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுபவை. பாதி குறிப்பை ஒரு பதிப்பிலிருந்தும் மீதியை இன்னொன்றிலிருந்தும் எடுத்தால் எண்கள் பொருந்தாது. சில சமயம் வசனமே இருக்காது.

மொழிபெயர்ப்பில் படிப்பது தவறில்லை. ஆனால் மேடைக் குறிப்புகளை விட்டுவிட்ட சுருக்கப் பதிப்பு வேண்டாம். யார் உள்ளே வருகிறார், யார் வெளியே போகிறார் என்பதுதான் இந்த வேலைக்கு உயிர்.

ஒரு நாடகம் போதும். ஒப்பிடும் ஆசையில் மூன்றை ஒன்றாக எடுப்பவர்கள் மூன்றிலும் மேலோட்டமாகவே நின்றுவிடுகிறார்கள். கதைச் சுருக்கத்தையும் விமரிசனக் கட்டுரைகளையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். சுருக்கம் நடந்ததைச் சொல்லும். எந்த நிமிடத்தில் யார் ஏமாந்து நின்றார் என்பதை அழித்துவிடும்.

2. அது சதிதானா என்று முதலில் தீர்மானியுங்கள்

ரகசியமாக நடப்பதெல்லாம் சதி என்று எடுத்துக்கொண்டால் எல்லா நாடகமும் வலைக்குள் விழும். நான் மூன்று வகையாகப் பிரிப்பேன்.

முதலாவது, பலர் சேர்ந்து ஒப்புக்கொண்டு செய்வது. காசியஸும் புரூட்டஸும் மற்றவர்களோடு சேர்ந்து சீசரைக் கொல்லும் ஜூலியஸ் சீசர் இதற்குச் சரியான உதாரணம். இரண்டாவது, ஒருவன் மட்டும் முழுத் திட்டத்தையும் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கருவியாக்குவது. ஒத்தெல்லோவில் இயாகோவின் கையாள் ரோடரிகோவுக்கும் இயாகோவின் மனைவி எமிலியாவுக்கும் ஆளுக்கொரு துண்டுதான் தெரியும். முழுப் படம் இயாகோவிடம் மட்டும்.

மூன்றாவது, இல்லாத சதி. கிரேக்க நாடகமான ஈடிபஸ் மன்னனில் குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ், முந்தைய மன்னனைக் கொன்றவன் நீதான் என்று சொன்னதும், இது அரியணையைப் பிடிக்க மைத்துனன் கிரியோன் போட்ட திட்டம் என்று ஈடிபஸ் முடிவு கட்டுகிறான். டைரீசியஸை அழைக்கச் சொன்னவன் கிரியோன் என்பதால் அந்தச் சந்தேகம் முற்றிலும் அபத்தமாகவும் தெரியவில்லை. ஆனால் அப்படி ஒரு சதியே கிடையாது. உண்மையைப் பார்க்க மறுப்பவன் சதியைக் கண்டுபிடிக்கிறான். இந்த வகையைப் புதியவர்கள் கிட்டத்தட்ட எப்போதும் தவறவிடுகிறார்கள்.

வகையை முன்பே தீர்மானிக்கக் காரணம், அடுத்த படிகளில் கேட்கும் கேள்விகள் அதைப் பொறுத்து மாறும். கூட்டுச் சதியில் உள்விரிசலைத் தேட வேண்டும். தனியாள் சூழ்ச்சியில், கருவியான ஆள் எந்த நொடியில் விழித்துக்கொள்வார் என்று பார்க்க வேண்டும்.

3. மூன்று கோடுகள் போடுங்கள்

முதல் வாசிப்பில் மூன்று இடங்களை மட்டும் குறியுங்கள்: பேச்சு தொடங்கும் இடம், காரியம் முடியும் இடம், உண்மை வெளியாகும் இடம். மற்ற எதையும் எழுத வேண்டாம்.

இந்த மூன்றுக்கும் இடையே உள்ள தூரமே நாடகம் எதைப் பற்றியது என்று பாதி சொல்லிவிடும். ஜூலியஸ் சீசரில் பேச்சு முதல் அங்கத்தின் 2ஆம் காட்சியில் தொடங்குகிறது. கொலை மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியிலேயே முடிகிறது. அதற்குப் பிறகு ஏறக்குறைய பாதி நாடகம் மிச்சம் இருக்கிறது. அப்படியானால் இது கொலைக்குப் பிந்தைய நாட்களைப் பற்றியும் அதே அளவு அக்கறை கொண்ட நாடகம். ஒத்தெல்லோவிலோ கொலையும் உண்மையும் ஒரே காட்சியில், ஐந்தாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில், அடுத்தடுத்து வருகின்றன. அங்கே வலி முழுவதும் ‘சற்றுமுன் தெரிந்திருந்தால்’ என்பதில் இருக்கிறது.

சில நாடகங்களில் தொடக்கக் கோடு திரை திறப்பதற்கு முன்பே விழுந்திருக்கும். போரிலிருந்து திரும்பும் அரசனை அவன் மனைவி கொல்லும் கிரேக்க நாடகம் அகமெம்னான், கி.மு. 458இல் அரங்கேறியது. அதில் முதலில் பேசுபவன் மாளிகைக் கூரையில் படுத்திருக்கும் காவல்காரன். இந்த வீட்டுச் சுவருக்கு வாய் இருந்தால் அது சொல்லும், என் நாக்கின் மேல் ஒரு மாடு ஏறி நிற்கிறது என்கிறான். உள்ளே ஏதோ ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் தொடக்கத்தை ‘முன்பே’ என்று குறித்து, நமக்கு முதலில் துப்புக் கிடைக்கும் வரியைப் பக்கத்தில் எழுதுங்கள்.

4. யாருக்கு என்ன தெரியும்: பட்டியல் போடும் முறை

இதுதான் முக்கியமான வேலை. இதற்கு மட்டும் அவசரம் கூடாது.

ஒரு தாளைக் குறுக்கே வைத்துக் கட்டம் போடுங்கள். மேலே பாத்திரங்களின் பெயர்கள், பக்கவாட்டில் காட்சிகள். கடைசியில் கட்டாயம் ‘பார்வையாளர்’ என்று ஒரு பத்தி (மேலிருந்து கீழே போகும் வரிசை). ஒவ்வொரு காட்சி முடிந்ததும், அந்த ரகசியத்தில் அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே வரியில் எழுதுங்கள். தெரியாவிட்டால் வெற்றாக விடாமல் ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். வெற்றுக் கட்டம் நீங்கள் மறந்ததா அவருக்குத் தெரியாததா என்று பிறகு குழப்பும்.

ஒத்தெல்லோவின் கைக்குட்டையை வைத்துப் பார்ப்போம். மனைவி டெஸ்டிமோனாவுக்கும் துணைத்தளபதி காசியோவுக்கும் தொடர்பு என்று தளபதி ஒத்தெல்லோவை நம்பவைப்பதே இயாகோவின் திட்டம். மூன்றாம் அங்கத்தின் 3ஆம் காட்சியில் தலைவலி என்று சொல்லும் கணவனின் நெற்றியில் டெஸ்டிமோனா அதைக் கட்டப் போகிறாள். சின்னதாக இருக்கிறது, விடு என்கிறான் அவன். கைக்குட்டை கீழே விழுகிறது, இருவரும் போய்விடுகிறார்கள். எமிலியா எடுக்கிறாள். இதைத் திருடித் தரச் சொல்லித் தன் கணவன் எத்தனையோ முறை கேட்டிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். எதற்கு என்பது தெரியாது. இயாகோவிடம் அது போய்ச் சேர்கிறது. அவள் போனபின் அவன், இதைக் காசியோவின் அறையில் போடப் போகிறேன் என்று நம்மிடம் சொல்கிறான்.

இப்போது கட்டத்தை நிரப்புங்கள். டெஸ்டிமோனா: தொலைந்ததே தெரியாது. ஒத்தெல்லோ: தெரியாது, தன் கண் முன்னாலேயே விழுந்திருந்தும். எமிலியா: யாரிடம் இருக்கிறது என்று தெரியும், ஏன் என்று தெரியாது. இயாகோ: எல்லாம். பார்வையாளர்: எல்லாம்.

அடுத்த காட்சியில் டெஸ்டிமோனா, கைக்குட்டையை எங்கே தொலைத்திருப்பேன் என்று எமிலியாவையே கேட்கிறாள். எனக்குத் தெரியாதம்மா என்கிறாள் எமிலியா. மொத்த நாடகமும் திரும்பியிருக்கக்கூடிய இடம் அது. கோபமோ கத்தலோ இல்லாத, சாதாரணமாகக் கடந்து போகும் ஒரு பதில். கட்டம் போடாமல் படித்தவர்களிடம் கேட்டால் இந்த வரி அவர்களுக்கு நினைவே இருப்பதில்லை.

நான்காம் அங்கத்தின் 2ஆம் காட்சியில் இன்னொரு அதிர்ச்சி. யாரோ ஒரு பாவி, பதவி வாங்குவதற்காக இந்தப் பழியைக் கட்டியிருக்கிறான் என்று எமிலியா பொருமுகிறாள். கிட்டத்தட்ட முழு உண்மையும் வந்துவிட்டது; பெயர் ஒன்றுதான் பாக்கி. அந்த ஆள் பக்கத்திலேயே நிற்கிறான், அப்படி ஒருவன் இருக்கவே முடியாது என்று மறுக்கிறான். கடைசிக் காட்சியில் கைக்குட்டையைப் பற்றி ஒத்தெல்லோ வாய் திறந்ததும் அவளிடம் இருந்த இரண்டு துண்டும் ஒட்டிக்கொள்கின்றன. கட்டத்தில் எமிலியாவின் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். அது தனியாகவே ஒரு துன்பியல் நாடகம்.

இங்கே நடக்கும் பொதுவான பிழை: பார்வையாளருக்குத் தெரிந்ததைப் பாத்திரத்தின் தலையில் ஏற்றிவிடுவது. ‘இவ்வளவு வெளிப்படையாக இருந்தும் ஒத்தெல்லோ எப்படி ஏமாந்தான்?’ என்று எழுதுபவர்கள் இதில் விழுந்தவர்கள். வெளிப்படையாக இருந்தது நமக்கு மட்டும்தான். இயாகோவின் தனிமொழிகளை ஒத்தெல்லோ ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

5. ஆள் சேர்க்கும் காட்சியை வரிவரியாகப் பிரியுங்கள்

சதியில் சேர்ப்பவன் என்ன சொன்னான் என்பதோடு, எதைச் சொல்லவில்லை என்பதையும் குறியுங்கள். காசியஸ் புரூட்டஸிடம் முதல் உரையாடலில் கொலை என்று சொல்வதே இல்லை. உன் பெயரும் சீசரின் பெயரும் ஒன்றுதானே என்கிறான்; உன் முன்னோரைப் பார் என்கிறான். வெளியே கூட்டத்தின் ஆரவாரம் கேட்கிறது. முடிவைப் புரூட்டஸே எட்டட்டும் என்று விட்டுவிடுகிறான்.

ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு தூண்டில் போடப்படுகிறது. புரூட்டஸுக்குக் குடும்பப் பெருமை. புயல் இரவில் நடுங்கும் காஸ்காவுக்கு, இந்த வானமே எச்சரிக்கிறது என்ற பேச்சு. நோயாளியாக வரும் லிகாரியஸுக்குப் புரூட்டஸின் முகமே போதும். என்ன செய்யப் போகிறோம் என்று தெரியாமலே பின்னால் வருகிறேன் என்கிறான். இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதிய பிறகுதான் அந்தக் கூட்டத்துக்கு ஒரே நோக்கம் இல்லை என்பது புலப்படும்.

ஹாம்லெட்டின் நான்காம் அங்கம் 7ஆம் காட்சியையும் இதே முறையில் படித்துப் பாருங்கள். ஹாம்லெட்டால் தந்தையை இழந்த லேயர்ட்டஸிடம், உன் தந்தை மீது உனக்கு உண்மையிலேயே அன்பு இருந்ததா என்று அரசன் கிளாடியஸ் கேட்கும் விதம், ஆள் பிடிப்பதற்கு ஒரு பாடம்.

6. நிராகரிக்கப்பட்ட யோசனைகளைத் தனியாக எழுதுங்கள்

கூட்டுச் சதி உள்ள நாடகத்துக்கு மட்டும் இந்தப் படி. ஜூலியஸ் சீசரின் இரண்டாம் அங்கம் முதல் காட்சியில் காசியஸ் மூன்று யோசனை சொல்கிறான்: எல்லாரும் சத்தியம் செய்வோம், பேச்சாளர் சிசரோவைச் சேர்ப்போம், சீசரின் நண்பன் ஆன்டனியையும் கொல்வோம். மூன்றையும் புரூட்டஸ் தள்ளிவிடுகிறான். கொலை முடிந்ததும் ஆன்டனியை இறுதி உரை ஆற்ற விடாதே என்கிறான் காசியஸ், அதுவும் எடுபடவில்லை.

தள்ளப்பட்ட ஒவ்வொன்றும் பிறகு பழிவாங்குகிறது என்று எழுதத் தோன்றும். பொறுங்கள். ஆன்டனி விஷயத்தில் அது உண்மை. ஆனால் சத்தியம் செய்யாமல் விட்டும் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் விளைவு உண்டா இல்லையா என்று நாடகத்துக்குள் தேடிப் பார்த்தே எழுத வேண்டும். விளைவு இல்லாதவையும் ஒன்றைக் காட்டுகின்றன: திட்டம் போடத் தெரிந்தவன் காசியஸ், ஆனால் எல்லாரும் கேட்பது புரூட்டஸின் பேச்சைத்தான்.

7. கைமாறும் பொருளைத் தொடருங்கள்

கடிதம், கோப்பை, ஆடை, பெட்டி. சதி பெரும்பாலும் ஒரு பொருளின் மேல் ஏறித்தான் பயணிக்கும். அது யார் கையில் தொடங்கி யார் கையில் முடிகிறது என்று ஒரு கோடு வரையுங்கள்.

ஜூலியஸ் சீசரில் இரண்டு வகைக் கடிதங்கள் இருக்கின்றன. ஒன்று, பல பேர் கையெழுத்து போலத் தோன்றும்படி காசியஸ் ஏற்பாடு செய்து புரூட்டஸின் சன்னல் வழியாக எறியவைக்கும் பொய்க் கடிதங்கள். இன்னொன்று, சதிக்காரர்கள் எல்லாருடைய பெயரையும் எழுதி ஆர்ட்டெமிடோரஸ் சீசரிடம் நீட்டும் உண்மைக் கடிதம். பொய் படிக்கப்படுகிறது, நம்பப்படுகிறது. உண்மை பிரிக்கப்படவே இல்லை. இது உங்களைப் பற்றியது என்று ஆர்ட்டெமிடோரஸ் சொன்னதாலேயே, என்னைப் பற்றியதைக் கடைசியில் பார்க்கிறேன் என்கிறார் சீசர். பொருளைத் தொடர்பவருக்கு இந்த இணை தானாகவே கிடைத்துவிடும்.

லியர் அரசனில் எட்மண்ட் செய்வது இன்னும் நுட்பம். அண்ணன் எழுதியதாகக் காட்டும் போலிக் கடிதத்தை அப்பா குளோஸ்டரிடம் கொடுப்பதில்லை. அவர் பார்க்கும்போது அவசரமாக ஒளிக்கிறான். என்ன அது என்று குளோஸ்டரே கேட்டு வாங்குகிறார். தானாகக் கேட்டு வாங்கிய பொய்யை யாரும் சந்தேகிப்பதில்லை.

8. பார்வையாளரை எங்கே நிறுத்துகிறார்கள்?

நான்காம் படியில் போட்ட கடைசிப் பத்தி இப்போது கைகொடுக்கும். நமக்கு எல்லாம் முன்பே தெரிகிறதா, பாத்திரத்தோடு சேர்ந்து தெரிகிறதா, கடைசியில் தெரிகிறதா?

பிரெஞ்சு நாடகாசிரியர் ராசினின் பிரிட்டானிகஸில், 1669இல் மேடையேறிய நாடகம், ரோமப் பேரரசன் நீரோ தான் ஒளிந்து நின்று பார்க்கப் போவதைப் பிரிட்டானிகஸின் காதலி ஜூனியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். அவள் தன் காதலனிடம் அன்பு காட்டினால் அவன் உயிர் போகும். பிரிட்டானிகஸ் வருகிறான், அவள் கல்லாக நிற்கிறாள், அவனுக்குப் புரியவில்லை. அவள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் நமக்கு ஓர் அர்த்தம், அவனுக்கு ஓர் அர்த்தம். அந்த முன் எச்சரிக்கை நமக்குத் தெரியாமல் இருந்திருந்தால் அது வெறும் ஊடல் காட்சி.

கிரேக்க நாடகங்களில் கோரஸையும், அதாவது மேடையில் சேர்ந்து பாடிப் பேசும் குழுவையும், இதே கேள்வியால் சோதியுங்கள். கி.மு. 431இன் மெடியாவில், கணவனைப் பழிவாங்கத் திட்டமிடும் மெடியாவிடம் கோரஸ் பெண்கள் வாயைத் திறக்க மாட்டோம் என்று முதலிலேயே வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அவள் தன் குழந்தைகளையே கொல்லப் போகிறாள் என்று தெரிந்ததும் கெஞ்சுகிறார்கள், ஆனால் போய்ச் சொல்வதில்லை. அகமெம்னானில் உள்ளிருந்து மரணக் கூச்சல் கேட்டதும் கோரஸ் முதியவர்கள் ஆளுக்கு இரண்டு வரியாக ஆலோசனை நடத்துகிறார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அகமெம்னானை முதல் நாடகமாகக் கொண்ட முத்தொகுதியின் இரண்டாம் நாடகத்தில் கோரஸ் நேரடியாகக் கை வைக்கிறது. மெய்க்காவலர்களோடு வா என்று, அகமெம்னானைக் கொன்ற சதியில் பங்குகொண்ட ஏகிஸ்தஸை அழைக்கப் புறப்பட்ட தாதியை நிறுத்தி, தனியாக வரச் சொல் என்று செய்தியையே மாற்றவைக்கிறது. கோரஸ் என்றாலே ஒதுங்கி நின்று பார்ப்பவர்கள் என்று எழுதுவது மிகப் பரவலான பிழை.

9. காட்சியை மேடையில் நிறுத்திப் பாருங்கள்

ஒரே ஒரு காட்சியை எடுத்து, யார் எங்கே நிற்பார்கள் என்று தாளில் படம் போடுங்கள். சத்தமாகவும் படியுங்கள்.

புரூட்டஸின் தோட்டத்தில், நள்ளிரவு தாண்டி, முகத்தை மூடிக்கொண்டு சதிக்காரர்கள் வருகிறார்கள். காசியஸ் புரூட்டஸை ஓரமாக அழைத்துப் போய்க் கிசுகிசுக்கிறான். அந்தப் பேச்சு நமக்குக் கேட்பதில்லை. அதற்குப் பதில் கேட்பது மற்றவர்களின் வெட்டிப் பேச்சு: சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும்? டெசியஸ் ஒரு பக்கத்தைக் காட்ட, காஸ்கா மறுக்கிறான். வாளை உருவித் திசையைக் காட்டுகிறான். கிழக்கு இதோ, கேப்பிட்டல் இருக்கும் பக்கம் என்று முடிக்கிறான். அந்த வாள் நீட்டிய திசையில்தான் பொழுது விடிந்ததும் கொலை நடக்கப் போகிறது. முதலில் குத்தப் போகிறவனும் காஸ்காவே.

கண்ணால் மட்டும் படிப்பவர்கள் இந்த வரிகளை நிரப்பு வசனம் என்று தாண்டிவிடுவார்கள். இருட்டு என்பதும் கவனிக்க வேண்டியது. லண்டன் திறந்தவெளி அரங்குகளில் நாடகம் நடந்தது பகல் வெளிச்சத்தில். தீப்பந்தமும் வசனமும்தான் இரவை உண்டாக்கின. சதிக்காரர்கள் இருட்டில் நிற்பதாகப் பேசும்போது பார்வையாளர் எல்லாரையும் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

10. திட்டம் எங்கே பிசகியது?

கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்: காரியம் தோற்றதா, காரியத்துக்குப் பிறகு யோசிக்காததால் தோற்றார்களா? புரூட்டஸும் காசியஸும் சீசரைக் கொல்வதில் வெற்றி பெற்றார்கள். அன்று மாலைக்கு என்ன திட்டம் என்று தேடினால் ஒன்றுமே கிடைக்காது.

வாள்போட்டியில் ஹாம்லெட்டைக் கொல்ல நினைக்கும் கிளாடியஸின் கோளாறு நேர் எதிர். திட்டம் அதிகம். முனை மழுங்காத வாள் அவன் யோசனை. அதில் விஷம் தடவுவது லேயர்ட்டஸின் யோசனை. இரண்டும் தவறினால் இருக்கட்டும் என்று விஷக் கோப்பை. கோப்பையை எடுத்துக் குடிப்பவள் அவன் மனைவி. வாள் கைமாறி லேயர்ட்டஸையே வெட்டுகிறது. கடைசியில் அதே வாளும் அதே கோப்பையும் கிளாடியஸை முடிக்கின்றன. ஒவ்வொரு பாதுகாப்பு ஏற்பாட்டின் எதிரிலும் அது யாரைக் கொன்றது என்று எழுதினால் கடைசிக் காட்சி முழுவதும் ஒரு பட்டியலில் வந்துவிடும்.

சின்னப் பிசகுகளையும் விடாதீர்கள். மெக்பெத் அரசனைக் கொன்ற குத்துவாள்களை அங்கேயே போட்டுவிட்டு வர வேண்டும். கையோடு தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். திரும்பப் போக மறுக்கிறான். அவற்றை வைக்க அவன் மனைவி போக வேண்டியதாகிறது. அவள் கையிலும் ரத்தம் படுவது அப்படித்தான்.

11. காரணமும் காலச் சூழலும்

இப்போதுதான் ‘ஏன்’ என்று கேட்க வேண்டும். கையில் பட்டியல் இருப்பதால், பாத்திரம் தன்னைப் பற்றிச் சொல்லும் காரணத்தை அதன் செயலோடு ஒட்டிப் பார்க்கலாம். இயாகோ ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் சொல்கிறான். கடைசியில் கேட்டபோது காரணம் சொல்லவே மறுத்துவிடுகிறான். அவற்றில் ஒன்றைத் தேர்ந்து ‘இதுதான் உண்மை’ என்று நிறுவுவதைவிட, காரணம் மாறிக்கொண்டே இருப்பதை எழுதுவது நல்லது.

இங்கிலாந்து மன்னரையும் நாடாளுமன்றத்தையும் வெடிவைக்க முயன்ற 1605இன் வெடிமருந்துச் சதி, அதற்கு அடுத்து எழுதப்பட்டதாகக் கருதப்படும் மெக்பெத் போன்ற தொடர்புகள் சுவையானவை. ஒரு பத்திக்கு மேல் போக வேண்டாம். வரலாற்றில் தொடங்கினால் நாடகம் அதற்குச் சான்றுக் கூண்டில் நிற்கும் சாட்சி ஆகிவிடும்.

12. கட்டுரையாக்கும் வரிசை

பட்டியலில் உங்களை மிகவும் உறுத்திய ஒரு கட்டத்தை எடுங்கள். எமிலியாவின் ‘தெரியாது’ போன்ற ஒன்று. முதல் பத்தி அந்தக் கணத்தை மட்டும் விவரிக்கட்டும். இரண்டாவதில், அந்த நேரத்தில் மற்ற ஒவ்வொருவருக்கும் என்ன தெரியும் என்று விரியுங்கள். அப்புறம் பின்னோக்கிப் போய் அந்த நிலை எப்படி உருவானது என்று காட்டுங்கள். பிறகு முன்னோக்கி வந்து அதன் விளைவு. காரணம் பற்றிய உங்கள் முடிவு அதற்கு அடுத்து.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை: பாத்திரங்களின் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் எந்த நாடகம் என்று தெரிகிறதா? ‘பேராசையால் அழிந்தான்’ வகை வாக்கியங்கள் இதில் உடனே மாட்டும். அவற்றை நீக்கி, அந்த இடத்தில் காட்சி எண்ணோடு ஒரு செயலை வையுங்கள்.

பயிற்சிக்கு நாடகம் தேடுபவர்கள் ஜூலியஸ் சீசரில் தொடங்கட்டும். சதிக்காரர்கள் திட்டத்தை வாய்விட்டுப் பேசுவதால் கட்டங்கள் சுலபமாக நிரம்பும். அடுத்து ஒத்தெல்லோ, பிறகு பிரிட்டானிகஸ். ஈடிபஸைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் சதிக்காரன் என்ற பத்தியே காலியாக இருக்கும். பார்வையாளர் பத்தியும் ஈடிபஸின் பத்தியும் மட்டும் எதிரெதிரே நிற்கும். முதல் மூன்றைச் செய்து கை பழகியவருக்குத்தான் அந்த வெறுமையை எப்படி நிரப்புவது என்று தெரியும்.